ராச்டேல்: ஓர் ஆங்கில நகராட்சியின் கதை



ஒரு நாட்டை அறிய விரும்புவோர் முதலில் அதன் தலைநகரைக் காண விழைவது இயல்பு. ஆனால் தலைநகரம் என்பது விருந்தினர் கூடம் போன்றது. வீட்டின் அடுக்களையையும் பட்டறையையும் பார்க்க வேண்டுமானால் சற்று உள்ளே செல்ல வேண்டும். இலண்டன் மாநகரைப் பற்றி நீங்கள் நிறையப் படித்திருப்பீர்கள். இன்று நான் உங்களை அழைத்துச் செல்ல விரும்புவது இங்கிலாந்தின் வடமேற்கே, மான்செஸ்டருக்கு ஏறத்தாழப் பதினாறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ராச்டேல் என்னும் ஊருக்கு.

இந்த ஊரை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. என் தந்தையார் எங்கள் ஊர்க் கூட்டுறவுப் பண்டகசாலையில் ஓர் உறுப்பினர். ஆண்டுக்கொரு முறை பொதுக்குழு கூடும். அங்கே எங்கள் ஊர்ப் பெரிய மிராசுதாரரும் வருவார். என் தந்தையாரும் போவார். மிராசுதாரருக்குப் பங்குகள் பல; தந்தையாருக்கு ஒன்றே ஒன்று. ஆனால் கை தூக்கும்போது இருவர் கையும் ஒரே கணக்கு. “பங்கு எத்தனை ஆனாலும் வாக்கு ஒன்றுதான்” என்று தந்தையார் வீட்டிற்கு வந்து பெருமையோடு சொல்லுவார். இந்த விதியை உலகறியச் செய்தவர் யார் என்று நான் பின்னர் வரலாறு பயின்றபோது தேடினேன். அந்தத் தேடல் என்னை ராச்டேலில் கொண்டு சேர்த்தது.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். இங்கிலாந்தின் முதுகெலும்பு என்று சொல்லப்படும் பென்னைன் மலைத்தொடரின் மேற்கு அடிவாரத்தில் ராச்டேல் அமைந்திருக்கிறது. அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இம்மலைகளில் மோதி மழையாகப் பொழிகிறது. மலையிலிருந்து ஓடைகள் பல இறங்கி ராச் என்னும் சிற்றாற்றில் கலக்கின்றன. ராச் ஆறு இர்வெல் ஆற்றோடு சேர்கிறது. மலைச்சரிவில் மண் வளம் குறைவு. ஏர் பிடித்துப் பெரும்பயிர் விளைக்க முடியாது. ஆனால் ஆடு மேயப் புல் உண்டு. பாறையினூடே வரும் நீர் உப்புக் குறைந்த மென்னீர். கம்பளி அலசவும் சாயம் தோய்க்கவும் ஏற்றது. மலையடியில் நிலக்கரியும் கிடைத்தது. ஆகவே, உழவு கைவிட்ட இடத்தில் தறி கைகொடுத்தது. மக்கள் சிறிது நிலத்தையும் சில ஆடுகளையும் வைத்துக்கொண்டு, வீட்டிலேயே கம்பளி நெய்து பிழைத்தனர்.

1086-ஆம் ஆண்டு எழுதப்பட்ட ‘டூம்ஸ்டே’ நிலவரி ஏட்டில் இவ்வூர் ‘ரெச்செதாம்’ என்று குறிக்கப்பட்டுள்ளது. 1251-ஆம் ஆண்டு மூன்றாம் ஹென்றி மன்னர் வாரச் சந்தையும் ஆண்டுத் திருவிழாச் சந்தையும் கூட்டும் உரிமையை அளித்தார். பிற்காலத்தில் இவ்வூரின் ஜமீன் உரிமை பைரன் குடும்பத்தாரிடம் இருந்தது. புகழ்பெற்ற கவிஞரான பைரன் பிரபுதான் 1823-இல் அதை விற்றார்.

மலை பிரித்த மக்களை நீரும் இரும்பும் இணைத்தன. 1804-ஆம் ஆண்டு ராச்டேல் கால்வாய் திறக்கப்பட்டது. மான்செஸ்டரிலிருந்து பென்னைன் மலையைக் கடந்து யார்க்ஷயர் வரை ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் செல்லும் கால்வாய் அது. அதற்கு நீர் தருவதற்காக ஹாலிங்வொர்த் ஏரி வெட்டப்பட்டது. கடலைக் காணப் பொருள் இல்லாத நெசவாளர் பின்னாளில் விடுமுறைக்கு இந்த ஏரிக்கரையில் கூடியதால், ‘நெசவாளரின் துறைமுகம்’ என்று அதற்கு ஒரு செல்லப்பெயரும் ஏற்பட்டது. 1841-இல் மலையைக் குடைந்து இருப்புப்பாதைக்குச் சுரங்கம் அமைத்தனர். இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேல் நீண்ட அச்சுரங்கமே அக்காலத்தில் உலகின் மிக நீண்ட இரயில் சுரங்கமாக விளங்கியது.

இனி ஆட்சிமுறைக்கு வருவோம். ஆங்கிலத்தில் ‘பரோ’ என்றொரு சொல் உண்டு. பழங்காலத்தில் அரண் சூழ்ந்த ஊரை அது குறித்தது. பின்னர் அரசரிடம் பட்டயம் பெற்றுத் தன் காரியங்களைத் தானே கவனித்துக்கொள்ளும் நகரத்திற்கும், பாராளுமன்றத்திற்கு உறுப்பினரை அனுப்பும் நகரத்திற்கும் அதுவே பெயராயிற்று. நம் சென்னைக்கும் இந்தச் சொல்லோடு உறவு உண்டு. 1687-ஆம் ஆண்டு இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் வழங்கப்பட்ட பட்டயத்தின்படி, மறு ஆண்டு சென்னையில் ஒரு மேயரும் பன்னிரண்டு ஆல்டர்மென்களும் நகர மக்களும் கொண்ட மாநகராட்சி தோன்றியது. அது ஆங்கில நகராட்சியின் அச்சில் வார்த்தது. ஆனால் ராச்டேலுக்கு அப்பொழுது அந்தப் பெருமை கிடையாது. சென்னை மாநகராட்சியான பிறகு 168 ஆண்டுகள் கழித்தே ராச்டேல் நகராட்சியாயிற்று!

அதுவரை அவ்வூரை ஆண்டவர் யார்? சட்டத்தின் கண்ணில் ராச்டேல் என்று தனியான நகரமே இல்லை. காசில்டன், ஸ்பாட்லண்ட், வார்டல்வொர்த் என்ற மூன்று கிராமப் பிரிவுகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் ஊர் பெருத்து வளர்ந்திருந்தது. திருச்சபைப் பங்கின் கூட்டம் ஒரு பக்கம், ஜமீனின் உரிமை ஒரு பக்கம், நீதிபதிகளாக அமர்ந்த நிலக்கிழார்கள் ஒரு பக்கம். 1825-ஆம் ஆண்டு நகரச் சீர்திருத்த ஆணையாளர் குழு ஒன்று ஏற்பட்டது. ஆயினும் தறியோட்டும் எளியவனுக்கு இவை எதிலும் வாய்ப்பேச்சு இல்லை.

பாராளுமன்றத்தின் நிலை இன்னும் விந்தையானது. மக்களே வாழாத ஓல்ட் சேரம் என்ற மேட்டு நிலத்திற்கு இரண்டு உறுப்பினர்கள் இருந்தார்கள்; ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து வாழ்ந்த மான்செஸ்டருக்கும் ராச்டேலுக்கும் ஒருவரும் இல்லை. 1819-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள், வாக்குரிமை கேட்டு மான்செஸ்டரின் செயின்ட் பீட்டர்ஸ் திடலில் ஏறத்தாழ 60,000 பேர் கூடினர். அருகிலிருந்த மிடில்டன் ஊர்க்காரர்களை அழைத்துச் சென்றவர் சாமுவேல் பாம்ஃபோர்டு என்ற நெசவாளர். ராச்டேல் மக்களும் சென்றனர். மனைவி மக்களோடு, தேவாலயத்திற்குச் செல்லும் நல்லாடை உடுத்திச் சென்ற அந்தக் கூட்டத்தின்மேல் குதிரைப்படை வாளோடு பாய்ந்தது. பதினெட்டுப் பேர் வரை இறந்தனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். ‘பீட்டர்லூ’ என்று வரலாறு அதைக் கூறுகிறது. பாம்ஃபோர்டுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது.

1832-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் ஓல்ட் சேரத்தை நீக்கி, ராச்டேலுக்கு ஓர் உறுப்பினரைத் தந்தது. ஆனால் நகரங்களில் ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகை பெறும் அளவுள்ள வீடோ கடையோ உடைய ஆடவருக்கே வாக்கு. நெசவாளனின் குடிசை அந்த அளவுக்கு எட்டவில்லை. ஊருக்கு வாக்கு வந்தது, ஊராருக்கு வரவில்லை. எல்லா ஆடவருக்கும் வாக்கு வேண்டும் என்று சாசன இயக்கத்தார் இலட்சக்கணக்கான கையொப்பங்களோடு 1842-இல் விண்ணப்பம் கொடுத்தனர். பாராளுமன்றம் அதைத் தள்ளிவிட்டது.

இந்த இடத்தில்தான், மாணவர்களே, ராச்டேலின் பெயர் உலகக் கதையில் நுழைகிறது.

1840-களில் அவ்வூர் நெசவாளர் நிலை இரங்கத்தக்கது. நீராவித் தறி வந்து கைத்தறியின் கூலியை அறுத்துவிட்டது. கடைக்காரர் கடன் கொடுத்தார். கடன்பட்டவன் அவர் கொடுக்கும் சரக்கையே வாங்க வேண்டும். மாவில் கலப்படம், எடையில் குறைவு. கூலி உயர்வு கேட்டவர்கள் தோற்றனர். அப்பொழுது சிலர் கூடிச் சிந்தித்தனர். நெசவாளரும் வேறு கைத்தொழிலாளரும், சாசன இயக்கத்தாரும், ராபர்ட் ஓவன் என்ற சீர்திருத்தவாதியின் கொள்கையைப் பின்பற்றியவரும் அவர்களுள் இருந்தனர். வாரத்திற்குச் சில காசுகளாகச் சேர்த்து, ஆளுக்கு ஒரு பவுன் என்று 28 பவுன் முதல் திரட்டினர். ‘ராச்டேல் நேர்மை முன்னோடிகள் சங்கம்’ என்பது அவர்கள் சூட்டிக்கொண்ட பெயர். 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் மாலை, டோட் லேன் என்ற தெருவில் 31-ஆம் எண் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு சிறு கடையைத் திறந்தனர். ‘டோட்’ என்றால் தேரை. தேரைத் தெரு என்று நாம் சொல்லலாம். சரக்கு என்ன தெரியுமா? கொஞ்சம் வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, சில மெழுகுவத்திகள். அவ்வளவுதான். தெருப் பிள்ளைகள் கூடிக் கேலி செய்தார்கள் என்பர்.

கூட்டுறவுக் கடை அவர்கள் கண்டுபிடிப்பன்று. அதே தெருவில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டுறவுக் கடை தோன்றி, கடன் கொடுத்துக் கொடுத்தே மூடப்பட்டது. முன்னோடிகள் அந்தத் தோல்வியிலிருந்து பாடம் கற்றனர். ரொக்கத்திற்கே விற்பது, கலப்படமற்ற சரக்கு, சரியான எடை, முதலுக்கு வரம்புக்குட்பட்ட வட்டி மட்டும், மிச்சமாகும் இலாபத்தை, வாங்கிய அளவுக்கு ஏற்ப உறுப்பினருக்கே திருப்பித் தருவது. பத்துப் பவுனுக்கு வாங்கியவருக்கு ஒரு மடங்கு என்றால், முப்பது பவுனுக்கு வாங்கியவருக்கு மூன்று மடங்கு. சமயத்தாலும் அரசியலாலும் வேற்றுமை பாராட்டாமை மற்றொரு விதி. இலாபத்தில் ஒரு பகுதியைக் கல்விக்கு ஒதுக்கினர். நூலகமும் படிப்பகமும் கடையோடு வளர்ந்தன. எல்லாவற்றிற்கும் மேலாக, ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு.

அந்த வாக்கின் அருமையை எண்ணிப் பாருங்கள். பாராளுமன்றம் மறுத்த வாக்கை, அந்த எளியவர்கள் ஒரு மளிகைக் கடையில் தமக்குத் தாமே வழங்கிக்கொண்டார்கள்! 1846-இல் எலைசா பிரையர்லி என்ற பெண்மணி அச்சங்கத்தில் உறுப்பினரானார். மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளும் உரிமையை ஆங்கிலச் சட்டம் 1870-இலும் 1882-இலும்தான் படிப்படியாகத் தந்தது. பாராளுமன்ற வாக்கு பெண்களுக்கு 1918-இல் ஓரளவும், 1928-இல் ஆண்களுக்குச் சமமாகவும் கிடைத்தது. சட்டம் நடந்து வந்து சேர்வதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே தேரைத் தெருக் கடை அங்கே போய்விட்டது.

பத்தாண்டுகளில் உறுப்பினர் ஆயிரத்தை நெருங்கினர். 1863-இல் வட இங்கிலாந்துச் சங்கங்கள் ஒன்றுகூடி மொத்த விற்பனைச் சங்கம் கண்டன. 1904-இல் நம் சென்னைத் திருவல்லிக்கேணியில் தோன்றிய நகரக் கூட்டுறவுச் சங்கம் ராச்டேல் முறையைப் பின்பற்றியதே. என் தந்தையார் தூக்கிய கைக்கும் டோட் லேனுக்கும் உள்ள தொடர்பு இப்பொழுது உங்களுக்கு விளங்கும்.

கடை பிறந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1856-இல் ராச்டேல் முறையான நகராட்சியாயிற்று. 1835-ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்தின்படி, வரி செலுத்துவோர் உறுப்பினரை மூன்றாண்டுகளுக்குத் தேர்ந்தெடுப்பர். ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கினர் விலகுவர். உறுப்பினர்கள் கூடி ஆல்டர்மென்களையும் மேயரையும் தெரிவு செய்வர். முதல் மேயர் ஜேக்கப் பிரைட். அவருடைய தமையனாரான ஜான் பிரைட், இவ்வூரில் 1811-இல் பிறந்த ஆலை முதலாளி; வேறு நகரங்களின் உறுப்பினராகப் பாராளுமன்றத்தில் வீற்றிருந்த நாவலர். தானியச் சட்டங்களை எதிர்த்து, ராச்டேலின் பிற்கால உறுப்பினரான ரிச்சர்டு காப்டனோடு சேர்ந்து போராடி, 1846-இல் வென்றவர். இந்தியாவில் கம்பெனி ஆட்சியைக் கண்டித்து 1850-களில் அவர் பேசியதும் நாம் நினைவில் வைக்கத் தக்கது. ஆனால் ஆலை வேலை நேரத்தைச் சட்டத்தால் குறைப்பதை அதே பிரைட் எதிர்த்தார். பெரியோரிடத்தும் அவரவர் தொழில் ஒரு திரையிடுகிறது.

புதிய நகராட்சி தன் பெருமையைக் கல்லில் எழுதிற்று. 1871-இல் திறக்கப்பட்ட நகர மண்டபத்திற்கு முதலில் எண்ணிய செலவு 20,000 பவுன். முடிந்தபோது ஒன்றரை இலட்சத்தைத் தாண்டிவிட்டது. 1883-இல் அதன் கோபுரம் தீக்கிரையாயிற்று; வேறொரு கோபுரம் எழுப்பினர். உள்ளே பெருமண்டபத்தின் சுவரில், ஜான் மன்னர் உரிமைப் பட்டயத்திற்கு இசையும் காட்சி பெரிய ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளது. நான் அங்கு சென்றபோது அந்த மண்டபத்தையும் பார்த்தேன். டோட் லேன் கடையையும் பார்த்தேன். கடை 1931 முதல் காட்சிசாலையாக இருக்கிறது. மண்டபம் என் கழுத்தை அண்ணாந்து நோக்க வைத்தது. கடையில் நான் தராசைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராச்டேலின் கதை வெற்றிக் கதை மட்டுமன்று. அமெரிக்காவில் 1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் பஞ்சு வரவு நின்றது. லங்காஷயர் ஆலைகள் மூடப்பட்டுப் பல்லாயிரவர் பட்டினி கிடந்தனர். வட அமெரிக்க மக்கள் 1863-இல் ‘ஜார்ஜ் கிரிஸ்வோல்டு’ என்ற கப்பலில் மாவு அனுப்பி உதவினர். இந்தக் காலத்திலேயே முன்னோடிகளின் கொள்கைக்கும் ஒரு சோதனை வந்தது. அவர்கள் வழிவந்தோர் 1854-இல் ஒரு கூட்டுறவு நூற்பாலை தொடங்கி, இலாபத்தில் தொழிலாளருக்கும் பங்கு தந்துவந்தனர். பங்குதாரர் பெருகினர்; 1862-இல் அவர்கள் கூடி, தொழிலாளர் பங்கை வாக்கெடுத்தே நீக்கிவிட்டனர். வாக்கு என்பது நல்ல கருவி. ஆனால் அது தானாகவே நீதி செய்வதில்லை. கையில் வைத்திருப்பவரின் மனம் சுருங்கினால், வாக்கும் சுருங்கிவிடுகிறது.

மற்றொரு பாடத்தை ஆசுபெஸ்டாஸ் தொழில் கற்பித்தது. 1870-களில் ராச்டேலின் ஸ்பாடன் பள்ளத்தாக்கில் வளரத் தொடங்கிய அத்தொழிலின் ஆலை, பின்னர் உலகின் மிகப்பெரிய ஆசுபெஸ்டாஸ் ஆலைகளுள் ஒன்றாயிற்று. அதில் வேலை செய்த நெல்லி கெர்ஷா என்ற பெண், நார்த்தூசி நுரையீரலில் படிந்து 1924-இல் இறந்தார், வயது 33. அவர் நோயை மருத்துவர் ஒருவர் ஆராய்ந்து வெளியிட்டது விசாரணைகளுக்கு வழி திறந்தது. 1931-இல் ஆசுபெஸ்டாஸ் தொழிலுக்குப் பாதுகாப்பு விதிகள் பிறந்தன. அப்பொருளுக்கு முழுத் தடை விதிக்க பிரிட்டனுக்கு 1999 வரை ஆயிற்று.

1913 வரை லங்காஷயர் துணிக்கு மிகப்பெரிய சந்தை இந்தியாவே. நம் கைத்தறியை நலிவித்த அதே ஆலைகள், இந்தியாவிலும் ஜப்பானிலும் ஆலைகள் பெருகியதும், சுதேசி இயக்கம் வலுத்ததும் தாமே நலிந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இரவு வேலைக்கு ஆள் தேவைப்பட்டபோது, பாகிஸ்தானிலிருந்தும் வங்கத்தின் கிழக்குப் பகுதியிலிருந்தும் பலர் வந்து குடியேறினர். போரால் வீடிழந்த போலந்து, உக்ரேன் நாட்டினரும் வந்தனர். ஆலைகள் மூடப்பட்டன, வந்தவர்கள் ஊரவர் ஆயினர்.

ஆட்சி அமைப்பும் மாறியது. 1889-இல் ராச்டேல் மாவட்ட மன்றத்திற்கு அடங்காத தனி நகராட்சியாக உயர்ந்தது. 1974-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ராச்டேல், ஹேவுட், மிடில்டன் ஆகிய நகராட்சிகளும், லிட்டில்பரோ, மில்ன்ரோ, வார்டில் என்ற சிற்றூராட்சிப் பகுதிகளும் சேர்ந்து புதிய பெருநகர ‘பரோ’ ஆயின. பாம்ஃபோர்டின் மிடில்டனும் ராச்டேலும் இவ்வாறு ஒரே நகராட்சியின் கீழ் வந்தன. பரப்பு 158 சதுர கிலோமீட்டர்; 2021-ஆம் ஆண்டுக் கணக்குப்படி மக்கள் ஏறத்தாழ 2,24,000. இருபது வட்டாரங்கள், வட்டாரத்திற்கு மூவராக அறுபது உறுப்பினர்கள். மேயர் பதவி மரபுச் சிறப்புக்குரியது. நிருவாகத்தை நடத்துபவர் மன்றத் தலைவர். பள்ளி, தெரு, குப்பை, நூலகம், முதியோர் நலம் ஆகியவை நகராட்சியின் பொறுப்பு. போக்குவரத்து முதலிய பொதுக் காரியங்களைச் சுற்றியுள்ள நகராட்சிகளோடு சேர்ந்து 2011-இல் அமைந்த மான்செஸ்டர் பெருநகரக் கூட்டாட்சி அமைப்பு கவனிக்கிறது.

தொழில் இன்று பஞ்சில் இல்லை. மலையைக் கடக்கும் எம் 62 நெடுஞ்சாலையை ஒட்டிச் சரக்குக் கிடங்குகளும் சிறு தொழிற்கூடங்களும் எழுந்துள்ளன. 2014 முதல் நகர நடுவுக்கே டிராம் வண்டி வருகிறது. ஆயினும் இங்கிலாந்தின் வறிய பகுதிகள் பல இந்த நகராட்சியில் உள்ளன. ஆலை போன இடத்தை நிரப்புவது எளிதாக இல்லை.

ஓர் இறுதிச் செய்தி. 1904 முதல், போக்குவரத்துக்கு இடம் வேண்டி, ராச் ஆற்றை ஊர் நடுவில் படிப்படியாக மூடிவிட்டார்கள். தலைமுறைகள் ஆற்றின்மேல் நடந்தன, ஆற்றைக் காணவில்லை. 2016-இல் மூடியை அகற்றி ஆற்றைத் திறந்துவிட்டார்கள். இடைக்காலத்துக் கற்பாலமும் வெளிப்பட்டது. நான் அந்தப் பாலத்தருகே நின்றபோது தந்தையாரின் சொல் நினைவுக்கு வந்தது.

மாணவர்களே, சென்னைக்கு 1688-இலேயே மேயர் இருந்தார். மக்கள் வாக்கு இல்லை. ராச்டேலுக்கு 1844-இல் மேயர் இல்லை. ஆனால் ஒரு கடையில் வாக்கு இருந்தது. நகராட்சியை ஆக்குவது பட்டயமும் கோபுரமும் மட்டுமல்ல. ஆளுக்கொரு கை, கைக்கொரு மதிப்பு என்ற எண்ணம். அந்த எண்ணமும் ஆற்றைப் போன்றதே. கவனிக்காமல் விட்டால் மேலே கல் பாவிவிடுவார்கள். நாளை உங்கள் ஊரில் ஒரு கூட்டுறவுச் சங்கமோ கிராம சபையோ கூடினால், போய் உட்காருங்கள், கணக்கைக் கேளுங்கள், கை தூக்குங்கள். அந்தக் கையின் மதிப்பு, இருபத்தெட்டுப் பேர் குளிர்கால மாலையொன்றில் மெழுகுவத்தியும் மாவும் விற்கத் தொடங்கி உயர்த்திக் காட்டிய மதிப்பு.